ஊர் பேர் தெரியாத சிப்புகள்

கம்ப்யூட்டரில் இணையும் பாகம் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் இரண்டு எண்கள் உண்டு. முதல் எண் அதைச் செய்த கம்பெனியைச் சொல்லும். இரண்டாவது எண் அந்தக் கம்பெனியின் எந்தச் சரக்கு என்று சொல்லும். மதர்போர்டில் செருகும் கார்டானாலும் யூ.எஸ்.பி.யில் செருகும் பென் டிரைவானாலும் இதுதான் முறை. கார்டுகளின் உலகத்தில் இன்டெல்லின் எண் 8086. 1978-இல் வெளியிட்ட பிராசஸரின் பெயரையே தங்கள் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டார்கள். ஏ.எம்.டி.யின் எண் 1022. லினக்ஸ் ஓர் எந்திரத்தில் கண்விழிக்கும்போது இந்த எண்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, எந்த எண்ணுக்கு எந்த டிரைவர் என்று பொருத்திப் பார்க்கிறது. டிரைவர் கிடைத்தால் அந்தப் பாகம் வேலை செய்யும். கிடைக்காவிட்டால் அது பெட்டிக்குள் இருந்தும் பயனில்லை.

திருவண்ணாமலையில் ஒரு சந்துக்குள் சர்வீஸ் கடை வைத்திருந்த எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது ஓர் இன்டர்நெட் டாங்கிள்.

3ஜி வந்த புதிது. டேட்டா கார்டு என்றும் நெட் செட்டர் என்றும் சொல்லி எல்லா மொபைல் கடைகளிலும் அதை விற்றார்கள். போளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தமிழாசிரியர் வருவார். வைரஸ் தொல்லை தாங்காமல் உபுண்டுவுக்கு மாறியவர். ஒரு நாள் தன் டேட்டா கார்டை மேசைமேல் வைத்தார். “தம்பி, விண்டோஸ்ல போட்டா நெட்டு வருது. நம்ம சிஸ்டத்துல போட்டா சி.டி.ன்னு காட்டுதுப்பா” என்றார். அவர் சொன்னது உண்மைதான். அந்தக் காலத்து டாங்கிள்கள் செருகியவுடன் தங்களை ஒரு சி.டி. டிரைவாகத்தான் அறிமுகப்படுத்திக்கொள்ளும். அந்த சி.டி.க்குள் விண்டோஸுக்கான மென்பொருள் இருக்கும். அதை நிறுவினால், அது டாங்கிளுக்கு ஒரு சிறு சமிக்ஞை அனுப்பும். உடனே டாங்கிள் சி.டி. வேஷத்தைக் கலைத்துவிட்டு மோடமாக மாறும். மாறும்போது அதன் இரண்டாவது எண்ணும் மாறிவிடும். ஹுவாவேயின் ஈ1550 செருகியதும் 1446 என்று சொல்லும், மோடமானதும் 1001 என்று சொல்லும்.

லினக்ஸில் இந்த வேஷத்தைக் கலைக்க ஜெர்மானியரான யோசுவா டீட்சே ‘யூ.எஸ்.பி. மோடுஸ்விட்ச்’ என்ற கருவியை எழுதி வைத்திருந்தார். அந்தக் கருவியின் உயிர் ஒரு பட்டியலில் இருந்தது. இந்த எண்ணைக் கண்டால் இந்தச் சமிக்ஞையை அனுப்பு, பிறகு இந்த எண்ணை எதிர்பார் என்று வரிவரியாகச் சொல்லும் பட்டியல் அது. உலகத்தில் விற்ற டாங்கிள்களை எல்லாம் ஒரு மனிதர் வாங்கிச் சோதிக்க முடியுமா? வைத்திருந்தவர்கள் எழுதி அனுப்பினார்கள், அவர் சேர்த்துக்கொண்டே போனார். ஆசிரியரின் டாங்கிள் எண் அதில் இல்லை. அதே கம்பெனியின் பக்கத்து மாடலுக்கு எழுதியிருந்த சமிக்ஞையை அனுப்பிப் பார்த்தேன். விளக்கின் நிறம் மாறியது, மோடம் வந்தது. மாறுவதற்கு முன்னால் என்ன எண், மாறிய பிறகு என்ன எண், எந்தச் சமிக்ஞை, எந்த ஊரில் விற்றது என்று நான்கு வரி எழுதி அனுப்பினேன். பிறகு வந்த ஒரு பதிப்பில் அந்த எண் இருந்தது. ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அப்ப இனிமே யாரு வாங்குனாலும் வேலை செய்யுமா?” என்று கேட்டார். செய்யும் என்றேன். அதைச் சொன்னதில் எனக்கு இருந்த மகிழ்ச்சி, கேட்டதில் அவருக்கும் இருந்தது.

அதன் பிறகு எண்களின் மேல் தனிப் பார்வை வந்துவிட்டது. லினக்ஸில் எல்எஸ்பிசிஐ என்று ஒரு கட்டளை இருக்கிறது. உள்ளே இருக்கும் கார்டுகளின் பெயர்களை அது வரிசையாகச் சொல்லும். அந்தப் பெயர்கள் வருவது பிசிஐ எண் பட்டியல் என்ற ஒரு சாதாரண எழுத்துக் கோப்பிலிருந்து. செக் நாட்டின் பிராக் நகரத்தைச் சேர்ந்த மார்ட்டின் மாரெஷ் அதைத் தொடங்கினார். உபுண்டு, ஃபெடோரா என எந்த லினக்ஸைப் போட்டாலும் அந்தக் கோப்பு கூடவே வரும். பட்டியலில் பெயர் இல்லாத பாகத்துக்கு நேரே வெறும் எண் மட்டும் நிற்கும். அந்த எண்ணுக்குரிய பொருள் இன்னது என்று யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். சரிபார்ப்பவர்கள் பார்த்து ஏற்றுக்கொண்டால் அது பட்டியலில் ஏறும். எங்கோ இருக்கும் ஓர் ஆளின் கம்ப்யூட்டரில், நாம் வைத்த பெயர் ஒரு வரியாகத் தெரியும்.

பெயர் தெரியாத பாகங்களுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை. சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டு, கேபினெட், எஸ்.எம்.பி.எஸ். என்று தனித்தனியாக வாங்கி, ஊருக்குக் கொண்டுவந்து கோத்துக் கொடுக்கும் அசெம்பிள்டு சிஸ்டங்கள்தான் ஒரு காலத்தில் இங்கே பெரும்பாலான வீடுகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் இருந்தன. அவற்றில் மதர்போர்டு என்ன மாடல் என்று கேட்டால், ‘இதைத் தயாரிப்பாளர் நிரப்ப வேண்டும்’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி பதிலாக வரும். பயாஸில் கம்பெனிப் பெயரும் மாடல் பெயரும் எழுத வேண்டிய இடத்தை நிரப்பாமலே ஆலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். உலகெங்கும் இப்படி எண்ணற்ற போர்டுகள் இருக்கின்றன. பெரிய கம்பெனி லேப்டாப் என்றால் மாடல் பெயரைச் சொல்லி உதவி தேடலாம். இவற்றுக்கு அதுவும் கிடையாது. ஆகவே கேபினெட்டைக் கழற்றி, தூசியை ஊதி, போர்டின்மேல் வெள்ளை எழுத்தில் அச்சடித்திருக்கும் பெயரைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். கழற்றும் வேலை சர்வீஸ்காரனுக்குத் தினமும் இருக்கிறது. டிரைவர் எழுதும் புரோகிராமருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இந்த வேலையில் எங்களைப் போன்றவர்கள் சேர வேண்டும் என்று நான் நினைத்ததற்கு முதல் காரணம் அதுதான்.

பிறகு ஹெச்டபிள்யூ-ப்ரோப் என்ற கருவி கைக்கு வந்தது. ரஷ்யாவின் ரோசா லினக்ஸ் குழுவில் 2014-இல் ஆந்திரேய் பொனமரென்கோ தொடங்கிய வேலை அது. பின்னர் எல்லா லினக்ஸுக்கும் பொதுவான தரவுத்தளமாக வளர்ந்தது. ஒரே கட்டளைதான். எந்திரத்தில் உள்ள எல்லாப் பாகங்களின் எண்களும், எந்த டிரைவர் எதைப் பிடித்தது, எது டிரைவர் இல்லாமல் நிற்கிறது, லினக்ஸின் மையமான கெர்னல் என்ன முணுமுணுத்தது, ஹார்டு டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது வரை எல்லாம் ஒரே தொகுப்பாகச் சேரும். அனுப்பினால் அந்த எந்திரத்துக்கென்று ஒரு பக்கம் உருவாகும். அதே சிப் உள்ள மற்ற எந்திரங்களின் பக்கங்களையும் அதிலிருந்தே போய்ப் பார்க்கலாம். ஒரே பாகம் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு பெட்டிகளுக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிவதுதான் அதன் பெரிய பலம்.

அந்தப் பலத்தை நான் கண்ணால் கண்டது ஆரணியிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பையனின் லேப்டாப்பில். வைஃபை ரூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நெட் வரும், அடுத்த அறைக்குப் போனால் அறுந்துவிடும். “விண்டோஸ்ல நல்லாத்தான் இருந்துச்சுண்ணா. லினக்ஸ்தான் சரியில்லன்னு ஃப்ரெண்டு சொல்றான்” என்றான். அவனுடைய வைஃபை சிப்பின் எண்ணைத் தேடினேன். அதே எண் கொண்ட சிப் வேறு கம்பெனி லேப்டாப்களில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுவதாகப் பதிவுகள் இருந்தன. டிரைவரும் ஒன்றுதான், கெர்னலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கார்டுக்கு இரண்டு எண்கள் என்று மேலே சொன்னேன். உண்மையில் இன்னும் இரண்டு உண்டு. சிப்பை வாங்கித் தன் லேப்டாப்பில் பொருத்திய கம்பெனிக்கு ஓர் எண், அந்தப் பொருத்தலுக்கு ஓர் எண். பையனின் லேப்டாப்பில் முதல் இரண்டு எண்களும் மற்றவற்றோடு ஒத்துப்போயின. பின்னிரண்டும் வேறாக இருந்தன. அப்படியானால் கோளாறு சிப்பில் இருக்காது, பொருத்திய விதத்தில்தான் இருக்க வேண்டும். அடிமூடியைக் கழற்றினேன். வைஃபை கார்டில் ஆன்டெனா ஒயர் மாட்ட இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒரே ஒரு ஒயர்தான் மாட்டியிருந்தது. ஒயர் ஒரு பொத்தானில் இருக்க, டிரைவர் மற்றொரு பொத்தானில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. எந்தப் பொத்தானில் ஆன்டெனா என்பதை கார்டுக்குள் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பு தப்பாக இருந்தது. இதே குறையை மற்றவர்களும் கண்டு சொல்லியிருந்ததால், எந்த ஆன்டெனா என்று நாமே சொல்லும் வசதியை டிரைவரில் ஏற்கெனவே சேர்த்திருந்தார்கள். ஒரு கோப்பில் ஒரு வரி எழுதி ரீஸ்டார்ட் செய்தோம். பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தெருமுனை டீக்கடை வரை நடந்தான். சிக்னல் விடவில்லை.

அந்த வகை வைஃபை டிரைவர்களை லினக்ஸில் நீண்ட காலம் பராமரித்தவர் அமெரிக்காவின் லாரி ஃபிங்கர். சம்பளத்துக்காகச் செய்தவர் அல்லர், தன்னார்வலர். 2024 ஜூனில் மறைந்தார். உலகெங்கும் எத்தனையோ லேப்டாப்கள் நெட்டில் இணைந்ததற்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் எழுதி அனுப்பிய கோளாறுகளை உட்கார்ந்து படித்துப் பதில் சொன்ன மனிதர் அவர். அவரைப் போன்றவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடியது துல்லியமான தகவல் ஒன்றுதான். “வைஃபை வரல” என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. நான்கு எண்ணும், கெர்னல் பதிப்பும், கழற்றிப் பார்த்ததில் ஒரு ஒயர்தான் இருந்தது என்ற குறிப்பும் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

அதற்குப் பிறகு, கடைக்கு லினக்ஸ் போட வரும் ஒவ்வோர் எந்திரத்தையும் பதிவு செய்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். அவற்றில் பெரும்பாலானவை அரசு முத்திரை பதித்த இலவச லேப்டாப்கள். 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்தவை. விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் டெபியனை அடியாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். ஒரு மாநிலத்தின் பள்ளிப் பிள்ளைகள் கையில் இத்தனை லட்சம் லினக்ஸ் எந்திரங்கள் போய்ச் சேர்ந்தது சாதாரண விஷயமா? ஆனால் வாங்கியவுடனே பாஸை அழித்துவிட்டு இடத்தைச் சினிமாவுக்கு ஒதுக்கியவர்கள்தான் அதிகம். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. சில ஆண்டுகள் கழித்து பேட்டரி செத்து, விண்டோஸ் நகராமல் நின்ற பிறகு அதே லேப்டாப்கள் என் மேசைக்கு வந்தன. இலேசான ஒரு லினக்ஸைப் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும் எந்திரங்கள். ஆண்டுக்கு ஆண்டு டெண்டர் மாறியதால் கம்பெனியும் மாடலும் மாறின. கடைகளில் நான் பார்த்தேயிராத மாடல் எண்கள் அவற்றில் இருந்தன. இவற்றைப் பற்றி ஜெர்மனியில் இருப்பவரோ பிரேசிலில் இருப்பவரோ எழுதப் போவதில்லை. இங்கே இருப்பவர்கள்தான் எழுத வேண்டும்.

பதிவு செய்யும் முன்னால் எந்திரத்துக்குச் சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். இதில் நான் கண்டிப்பானவன். சர்வீஸுக்குக் கொடுத்த லேப்டாப் நம் கையில் இருக்கிறது என்பதற்காக அதிலிருந்து எதையும் அனுப்பிவிட முடியாது. செங்கத்திலிருந்து வந்த ஒரு நர்சிங் மாணவியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் முகம் மாறியது. “அண்ணா, என் போட்டோல்லாம் போயிடுமா?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. இந்தக் கருவியில் எனக்குப் பிடித்த ஒன்று, சேகரிப்பதையும் அனுப்புவதையும் தனித்தனியாகச் செய்யலாம். முதலில் சேகரிக்க மட்டும் விட்டேன். எந்திரத்துக்குள் ஒரு ஃபோல்டரில் எல்லாம் எழுத்துக் கோப்புகளாக வந்து விழுந்தன. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். பயனர் பெயர், கம்ப்யூட்டருக்கு வைத்த பெயர், ஐ.பி. முகவரி எதுவும் போகாது. நெட்வொர்க் கார்டின் மேக் எண்ணும் ஹார்டு டிஸ்க்கின் சீரியல் எண்ணும் அப்படியே போகாமல், திரும்பப் பிரித்தெடுக்க முடியாதபடி குலைத்த ஒரு குறியீட்டின் பகுதியாக மட்டும் போகும். ஒரே எந்திரத்தை இரண்டு முறை எண்ணிவிடாமல் இருப்பதற்காக அந்த ஏற்பாடு. அவள் நிதானமாகப் படித்தாள். “இதுல என் பேரு எங்கண்ணா இருக்கு?” என்றாள். “எங்கயும் இல்லம்மா” என்றேன். அதன் பிறகுதான் சரி என்றாள். அனுப்பும் பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னேன். வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. ஒரு பெரியவர் காரணம் எதுவும் சொல்லாமல் “வேணாம்பா” என்றார். அந்த ஃபோல்டரை அவர் கண்ணெதிரே அழித்தேன். லினக்ஸ் போட்டுக் கொடுப்பதில் எந்தக் குறையும் வைக்கவில்லை.

நன்றாக ஓடும் எந்திரத்தைப் பதிவு செய்வதில் என்ன பயன் என்று கடைக்கு வரும் நண்பர்கள் கேட்பதுண்டு. பழைய லேப்டாப் வாங்கப் போகிறவருக்கு அது பெரிய பயன். ஆனால் ஓடாத பாகத்தின் பதிவுதான் அதைவிட அரியது. லினக்ஸ் பிரியர்களுக்கு ஒரு சுபாவம் உண்டு, வேலை செய்ததை மகிழ்ச்சியாக ஊருக்குச் சொல்வார்கள், செய்யாததைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். விரல்ரேகை ரீடர் வேலை செய்யவில்லையா, மூடியைத் திறந்தால் திரை எழுந்துகொள்ளவில்லையா, அதையும் எழுத வேண்டும். பிரிண்டர்களுக்கான பழைய லினக்ஸ் தரவுத்தளத்தில் இந்த நேர்மை இருந்தது. கிராண்ட் டெய்லர் தொடங்கி, டில் காம்பீட்டர் வளர்த்தெடுத்த அந்தத் தரவுத்தளத்தில் பிரிண்டர்களை நான்கு தரமாகப் பிரித்திருந்தார்கள். முழுமையாக ஓடுவது, பெரும்பாலும் ஓடுவது, அரைகுறையாக ஓடுவது, கடைசியாக, காகிதம் பறக்காமல் மேலே வைக்க மட்டும் உதவுவது. அந்த நான்காம் தரத்தைப் பார்த்துவிட்டு, கடன் வாங்கி ஜெராக்ஸ் கடை போட இருந்த ஒருவரை வேறு பிரிண்டர் வாங்கச் சொன்னேன். அவருக்கு மிச்சமான பணம் எங்கோ ஒருவர் ‘இது ஓடவில்லை’ என்று எழுதி வைத்ததால் மிச்சமானது.

இந்த வேலையில் ஒரு கவலையும் எனக்கு உண்டு. ஃபெடோராவில் 2007-இல் ஸ்மோல்ட் என்ற பெயரில் இதே போன்ற ஒரு முயற்சி தொடங்கியது. ஏராளமானவர்கள் தங்கள் எந்திர விவரங்களை அனுப்பினார்கள். பராமரிக்க ஆளில்லாமல் 2012-இல் அதை மூடிவிட்டார்கள். பொதுமக்கள் சேர்த்த தகவல் ஒரே ஒரு சர்வரில் மட்டும் இருக்கக் கூடாது, யார் வேண்டுமானாலும் முழுசாகப் பிரதி எடுத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஹெச்டபிள்யூ-ப்ரோப் குழுவினர் மானிட்டர்களின் விவரங்களையும் ஹார்டு டிஸ்க்குகளின் ஆயுள் விவரங்களையும் பொது உரிமத்தில் தனித்தனித் தொகுப்புகளாக வெளியிட்டிருக்கிறார்கள். ஹார்டு டிஸ்க் தொகுப்பு சர்வீஸ்காரர்களுக்குப் பொக்கிஷம். எந்த மாடல் எத்தனை நாள் தாங்குகிறது, எது சீக்கிரம் பிழை காட்டுகிறது என்று ஒப்பிடலாம். கரண்ட் ஏறி இறங்கும் ஊரில், விசிறிக்கு அடியில் தூசிக்குள் ஓடிய டிஸ்க்குகளின் கணக்கும் அதில் சேர வேண்டும் என்பதற்காகவே, செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்குகளை மாற்றுவதற்கு முன்னால் ஒரு பதிவு எடுத்துவிடுவேன். ஏ.சி. அறையில் ஓடிய டிஸ்க்கின் கணக்கை மட்டும் வைத்து எங்கள் ஊர் டிஸ்க்கின் ஆயுளைச் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டில் யாரும் தொடாத பழைய லேப்டாப் ஒன்று இருந்தால், எடைக்குப் போடும் முன்னால் ஓர் உதவி செய்யுங்கள். அதில் உள்ள எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஒரு பென் டிரைவில் லினக்ஸைப் போட்டு, அதிலிருந்தே பூட் செய்யுங்கள். டெபியன், உபுண்டு களஞ்சியங்களில் ஹெச்டபிள்யூ-ப்ரோப் இருக்கிறது. முதலில் சேகரிக்க மட்டும் செய்யுங்கள், கோப்புகளைத் திறந்து படியுங்கள், மனம் ஒப்பினால் அனுப்புங்கள். மாடல் பெயர் தெரியாவிட்டால் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சத்தம் வருகிறதா, கேமரா தெரிகிறதா, வைஃபை அடுத்த அறை வரை எட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். எது வேலை செய்யவில்லையோ, அதை ‘வேலை செய்யவில்லை’ என்றே தெளிவாக எழுதுங்கள்.